பிரஷர்காரருக்கு நெஞ்சுச் சளி பிடித்தால்: வீட்டில் பார்த்துக்கொள்வது எப்படி

வெள்ளவத்தையில் பிரஷர் மெஷின் இல்லாத வீட்டை இப்போது தேடித்தான் பிடிக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகள் சொக்லேட்டோடு சேர்த்து ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகிறார்கள். கொரோனாக் காலத்தில் வாங்கிய, விரலில் மாட்டும் ஒக்சிமீட்டரும் ஏதாவது லாச்சிக்குள் கிடக்கும். அவை காட்டும் எண்ணைப் பார்த்து என்ன செய்வது என்பதில்தான் எல்லோருக்கும் குழப்பம்.

நான் கொழும்பில் அரசாங்க ஆஸ்பத்திரி மெடிக்கல் வார்டுகளில் வேலை செய்து ஓய்வு பெற்ற நேர்ஸ். ஓய்வு என்பது பேருக்குத்தான். எங்கள் மாடிக் கட்டடத்தில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் "நேர்ஸ் அக்கா, ஒருக்கா வந்து பாருங்கோ" என்று கதவு தட்டுகிறார்கள். பெரும்பாலும் வருத்தக்காரர் அறுபது, எழுபது தாண்டியவர். பிரஷருக்கு ஏற்கெனவே குளிசை எடுப்பவர். இப்போது இருமலும் காய்ச்சலும் சேர்ந்திருக்கும். அப்படி ஒருவரை வீட்டில் வைத்துப் பார்ப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். டொக்டருக்குப் பதிலாக அல்ல, டொக்டரிடம் எப்போது ஓட வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்காக.

நான் போனவுடன் கேட்கும் முதல் கேள்வி, "அம்மாவுக்குச் சாதாரணமாக பிரஷர் எவ்வளவு?" என்பது. பாதிப் பேருக்குப் பதில் தெரியாது. காய்ச்சல் நாளில் 112/70 என்று மெஷின் காட்டினால், "நல்லாத்தானே இருக்கு" என்று சந்தோஷப்படுகிறார்கள். வழக்கமாக 155இல் இருக்கும் ஒருவருக்கு 112 என்பது ஒரே நாளில் 40க்கு மேல் விழுந்த கணக்கு. கிருமி இரத்தத்தில் பரவி உடம்பு தளரத் தொடங்கியிருக்கலாம். ஆகவே வேலை காய்ச்சலுக்கு முன்பே, சுகமாக இருக்கும் நாட்களிலேயே தொடங்குகிறது.

முதலில் கொப்பி

ஒரு சாதாரண கொப்பி போதும். சுகமாக இருக்கும்போது ஒரு வாரம், காலையும் மாலையும் பிரஷர் எடுத்து எழுதுங்கள். காலையில் குளிசைக்கும் சாப்பாட்டுக்கும் முன்பு. மாலையில் இரவுச் சாப்பாட்டுக்கு முன்பு. ஒவ்வொரு முறையும் ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை. முதல் நாள் எண்களை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரியைப் பாருங்கள். வீட்டில் எடுத்த சராசரி 135/85க்கு மேல் என்றால் அது கூடிய பிரஷர். கிளினிக்கில் சொல்லும் 140/90க்கு ஈடான வீட்டு எல்லை இதுதான். எண்பது தாண்டியவர்களுக்கும் தலைச்சுற்றிக் கீழே விழுபவர்களுக்கும் எவ்வளவில் வைத்திருப்பது என்பதை டொக்டர் தனியாகத் தீர்மானிப்பார்.

எடுக்கும் விதத்தில்தான் பெரும்பாலான பிழைகள். லிஃப்ட் வேலை செய்யாத கட்டடத்தில் நாலு மாடி ஏறி வந்தவரைக் கதிரையில் இருத்தி, அந்த மூச்சு அடங்க முன்பே கையில் பட்டியைச் சுற்றுகிறார்கள். ஐந்து நிமிடம் பேசாமல் இருக்கட்டும். முதுகு கதிரையில் சாய்ந்திருக்க வேண்டும். இரண்டு பாதமும் நிலத்தில். கால் மேல் கால் போடக் கூடாது. அதற்கு முந்திய அரை மணித்தியாலத்தில் தேத்தண்ணி, கோப்பி, சிகரெட், நடை எதுவும் வேண்டாம். சலம் போய்விட்டு வந்து இருக்கச் சொல்லுங்கள். நிறைந்த சிறுநீர்ப்பை எண்ணைக் கூட்டும். கையை மேசையில், நெஞ்சு மட்டத்துக்கு, ஒரு தலையணை வைத்தாவது உயர்த்தி வையுங்கள். கை இதய மட்டத்துக்கு 10 சென்றிமீற்றர் கீழே தொங்கினால் எண் 7, 8 கூடக் காட்டும். சட்டைக்கு மேலாகப் பட்டியைக் கட்டக் கூடாது. மெஷின் ஓடும்போது கதைக்கவும் கூடாது. எங்கள் ஆட்களுக்கு இதுதான் கஷ்டம். பட்டி இறுகும்போதுதான் கனடாவில் இருக்கும் மகளைப் பற்றிய கதை வரும்.

மணிக்கட்டில் கட்டும் மெஷினை நான் விரும்புவதில்லை, மேற்கையில் கட்டுவதை வாங்குங்கள். பெட்டியோடு வரும் பட்டி பெரும்பாலும் 22 முதல் 32 சென்றிமீற்றர் சுற்றளவுள்ள கைக்கானது. கை அதைவிடப் பருமன் என்றால் பெரிய பட்டி தனியாக வாங்க வேண்டும். சின்னப் பட்டியை இழுத்துக் கட்டினால் எண் 10க்கு மேலும் கூடக் காட்டலாம். முதல் தடவை இரண்டு கையிலும் எடுத்துப் பாருங்கள். எந்தக் கையில் கூடவோ, இனி எப்போதும் அந்தக் கை. இரண்டுக்கும் வித்தியாசம் 20க்கு மேல் என்றால் அதை டொக்டரிடம் சொல்ல வேண்டும். மார்பகச் சத்திரசிகிச்சை செய்த பக்கக் கையிலும், டயலிசிஸுக்காக இரத்தநாளம் இணைத்த கையிலும் எடுக்கக் கூடாது. வருடத்துக்கு ஒரு முறையாவது உங்கள் மெஷினைக் கிளினிக்குக்குக் கொண்டுபோய் அவர்களுடையதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இதயத்துடிப்பு ஒழுங்கில்லாதவர்களுக்கு இந்த மெஷின்கள் தடுமாறும். அவர்களுக்கு மூன்று தடவை எடுத்துச் சராசரி பார்ப்பது நல்லது.

வயதானவர்களுக்கு இன்னொன்றும் செய்யுங்கள். இருந்தபடி எடுத்த பிறகு எழும்பி நிற்கச் சொல்லி, 1 நிமிடத்திலும் 3 நிமிடத்திலும் எடுங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 விழுந்தால் இரவில் கழிவறைக்கு எழும்பும்போது விழுந்து இடுப்பு எலும்பு உடையும் ஆள் இவர்தான். குளிசையின் அளவைக் குறைக்க வேண்டுமா என்று டொக்டர் பார்க்கட்டும்.

கொப்பியின் முதல் பக்கத்தில் இவற்றை எழுதி வையுங்கள்: வயது, நிறை, வழக்கமான பிரஷர், வழக்கமான ஒக்சிஜன் அளவு, என்னென்ன வருத்தம், என்னென்ன குளிசை எத்தனை மில்லிகிராம், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது. குளிசைப் பெயர்களை ஆங்கில எழுத்தில், பெட்டியில் உள்ளபடியே எழுதுங்கள். இரவு 2 மணிக்கு வார்டில் நிற்பவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாமல் இருக்கலாம். "வெள்ளைக் குளிசை ஒன்று, மஞ்சள் குளிசை பாதி" என்பதை எந்த மொழியில் சொன்னாலும் ஒருவருக்கும் விளங்காது.

மேல் எண் ஏறி நின்றால்

180/120க்கு மேல் காட்டினால் முதலில் மெஷினைக் கழற்றி வையுங்கள். ஐந்து பத்து நிமிடம் அமைதியாக இருக்க விட்டு மறுபடி எடுங்கள். அப்போதும் அதே எண் என்றால், ஆளைப் பாருங்கள். நெஞ்சு வலி, மூச்சு முட்டல், கடும் தலையிடியோடு பார்வை மங்கல், முகம் கோணல், ஒரு பக்கக் கை கால் சோர்வு, பேச்சுக் குழறல், புத்தி தடுமாற்றம் இவற்றில் ஒன்று இருந்தாலும் 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். பாரிசவாதத்தில் இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணித்தியாலம்தான் எல்லை. ஆகவே வாய் கோணியது எத்தனை மணிக்கு என்று பார்த்து எழுதுவது முக்கியம். அந்த நேரத்தில் பிரஷரைக் குறைக்க வீட்டில் எதுவும் கொடுக்கக் கூடாது.

அறிகுறி ஒன்றும் இல்லை, எண் மட்டும் கூட என்றால் அன்றைக்கே டொக்டரைப் பாருங்கள். அவசரப்பட்டு இறக்க வேண்டாம். முந்தி வார்டுகளில் நிபெடிபின் கப்சியூலை ஊசியால் குத்தி நாக்கின் கீழ் விடும் வழக்கம் இருந்தது. எண் மளமளவென்று விழும், எல்லோருக்கும் திருப்தி. அப்படி விழும்போது மூளைக்கும் இதயத்துக்கும் இரத்தம் போதாமல் பாரிசவாதமும் மாரடைப்பும் வந்ததைக் கண்டபின், 1990களின் நடுப்பகுதியிலிருந்து அது வேண்டாம் என்று எச்சரித்தார்கள். அதையே இன்றும் பக்கத்து வீட்டு வைத்தியமாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். காலையில் விட்ட குளிசையையும் சேர்த்து இரட்டிப்பாகக் கொடுப்பதும் அதே ரகம்தான்.

காய்ச்சல், வலி, பயம், இருமி இருமி நித்திரை இல்லாமை எல்லாமே பிரஷரைக் கொஞ்சம் ஏற்றும். காய்ச்சல்காரருக்கு 160 காட்டினால் நான் கலங்குவதில்லை. இன்னொரு விதமான ஏற்றம்தான் பயம் தருவது: பிரஷர் 190, 200, படுத்தால் மூச்சு முட்டும், எழும்பி இருந்தால் கொஞ்சம் சுகம், இருமினால் நுரையான, சில வேளை இளஞ்சிவப்பான சளி. வீட்டுக்காரர் "நெஞ்சுச் சளி" என்று சொல்லிக்கொண்டு கொத்தமல்லி அவித்துக் கொடுத்திருப்பார்கள். அது பிரஷரைத் தாங்க முடியாமல் இதயம் திணறி, நுரையீரலில் நீர் சேர்ந்த நிலையாக இருக்கலாம். படுக்க வைக்காமல் கால்களைத் தொங்கவிட்டு இருத்தி, உடனே ஆஸ்பத்திரி.

மூச்சை எண்ணுவது

ஒக்சிமீட்டர் வந்தபிறகு மூச்சை எண்ணுவதை எல்லோரும் மறந்துவிட்டார்கள். என்னைக் கேட்டால், ஒரு மணிக்கூடும் பொறுமையும் இருந்தால் அதைவிட நல்ல மெஷின் இல்லை. ஒக்சிஜன் அளவு விழுவதற்கு முன்பே மூச்சின் வேகம் கூடிவிடும். உடம்பு அப்படித்தான் சமாளிக்கிறது.

எண்ணும்போது ஆளுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் மூச்சை மாற்றிவிடுவார். நான் நாடி பிடிப்பது போல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, நெஞ்சோ வயிறோ உயர்வதைப் பார்த்து எண்ணுவேன். முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குவது சரிவராது. பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை சாதாரணம். 25 என்றால் அன்றைக்கே டொக்டர் பார்க்க வேண்டும். 30 என்றால் டொக்டர் வரும்வரை காத்திருக்க வேண்டாம், ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வீட்டில் சின்னப் பிள்ளைகளும் இருப்பார்கள், அவர்கள் கணக்கு வேறு. 2 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 60, 2 மாதம் முதல் 1 வயது வரை 50, 1 முதல் 5 வயது வரை 40. அந்த எண்ணிக்கையோ அதற்கு மேலோ என்றால் வேகமான மூச்சு. அழாமல் அமைதியாக இருக்கும்போது எண்ணுங்கள். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால், பால் குடிக்க மறுத்தால் தாமதிக்க வேண்டாம்.

ஒக்சிமீட்டரை மாட்டும் முன் கையைத் தேய்த்துச் சூடாக்குங்கள். நகப்பூச்சு, மருதாணி உள்ள விரல் வேண்டாம். கையை அசைக்காமல் வைத்து, எண் ஒரே இடத்தில் நிற்கும்வரை ஒரு நிமிடமாவது பொறுங்கள். 95உம் அதற்கு மேலும் நல்லது. 93, 94 என்றால் டொக்டருக்கு அழையுங்கள். 92 அல்லது குறைவு என்றால் ஆஸ்பத்திரி. பல வருடம் சிகரெட் பிடித்து நுரையீரல் பழுதானவர்களுக்கு வழக்கமான அளவே 88 முதல் 92 வரை இருக்கலாம். அதற்காகத்தான் சுகமான நாளின் எண்ணைக் கொப்பியில் எழுதச் சொன்னேன். கறுப்பான தோலில் இந்த மெஷின் உண்மையைவிடக் கொஞ்சம் கூட்டிக் காட்டக்கூடும் என்பதும் நினைவில் இருக்கட்டும். நம்மவர்களில் பலர் அந்த நிறம்தான். 94 என்று காட்டினாலும் ஆள் மூச்சு வாங்கினால் ஆளை நம்புங்கள், மெஷினை விடுங்கள். உதடு நீலமாகிறதா என்று பார்ப்பதற்கு உதட்டின் உட்பக்கத்தையும் நாக்கையும் பாருங்கள்.

நியூமோனியா (நுரையீரலில் கிருமித் தொற்று) எவ்வளவு கடுமை என்று கணிக்க டொக்டர்மார் வைத்திருக்கும் ஒரு எளிய கணக்கை, இரத்தப் பரிசோதனை இல்லாமலே வீட்டிலும் போட்டுப் பார்க்கலாம். நாலு கேள்விதான். புதிதாகப் புத்தி தடுமாறுகிறதா? மூச்சு நிமிடத்துக்கு 30ஐத் தொட்டுவிட்டதா? பிரஷரின் மேல் எண் 90க்குக் குறைவா, அல்லது கீழ் எண் 60 அல்லது அதற்குக் குறைவா? வயது 65 அல்லது மேலா? ஒவ்வொரு "ஆம்" பதிலுக்கும் ஒரு புள்ளி. வயதால் மட்டும் ஒரு புள்ளி வந்திருந்தாலும் அன்றே டொக்டரிடம் காட்டி, வீட்டில் வைத்துப் பார்க்கலாமா என்று கேளுங்கள். 2 என்றால் ஆஸ்பத்திரிதான் இடம். 3, 4 என்றால் உயிர் ஆபத்து. பிரஷர்காரருக்கு 90க்கு விழும்வரை பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. அவருடைய வழக்கத்திலிருந்து 40 விழுந்தாலே போதும்.

புத்தித் தடுமாற்றத்தைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். வயதானவர்களுக்கு நியூமோனியா வந்தாலும் காய்ச்சல் வராமலே இருக்கலாம். பேத்தியைப் பார்த்துத் தங்கச்சியின் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். யாழ்ப்பாணத்து வீட்டில் இருப்பதாக நினைத்துக் கிணற்றடியைத் தேடுவார். சாப்பிட மறந்து நாள் முழுக்க அரை நித்திரையில் கிடப்பார். "வயசு போச்சு, அப்படித்தான்" என்று விடாதீர்கள். முந்தாநாள் வரை ஒழுங்காக இருந்தவர் என்றால் அது வருத்தத்தின் அறிகுறி.

கொழும்பில் காய்ச்சல் என்றால்

இருமலோடு வந்த காய்ச்சல் என்றாலும், கொழும்பில் டெங்குவை ஒரு மூலையில் நினைத்தபடிதான் இருக்க வேண்டும். 2017இல் நாடு முழுக்க 1,86,000க்கு மேற்பட்டவர்கள் டெங்கு சந்தேகத்தில் பதிவானார்கள். அந்த நாட்களில் வார்டில் ஒரு கட்டிலில் இரண்டு பேர், கட்டிலுக்குக் கீழும் ஆள். காய்ச்சல் மூன்றாம் நாளில் இரத்தப் பரிசோதனை கட்டாயம்.

டெங்குவிலும் பிரஷர் மெஷின் உதவும், ஆனால் பார்ப்பது வேறு விதமாக. மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் உள்ள இடைவெளியைக் கழித்துப் பாருங்கள். அது சுருங்கிக்கொண்டே வந்து 20 அல்லது அதற்குக் குறைவானால் இரத்தநாளங்களிலிருந்து நீர் கசிந்து ஆள் அதிர்ச்சி நிலைக்குப் போகிறார். 100/80 என்று பார்த்தால் மோசமாகத் தெரியாது, பிரஷர்காரருக்கு 130/110 என்றால் "பிரஷர் கூடிவிட்டது" என்றுகூடத் தோன்றும். கை கால் குளிர்ந்திருந்தால், வயிற்று வலி, விடாத சத்தி இருந்தால், சலம் குறைந்தால் ஓட வேண்டும். காய்ச்சல் விட்ட நாளில்தான் இது பெரும்பாலும் நடக்கும். எல்லோரும் நிம்மதியாக இருக்கும் நேரம் அது.

காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் மட்டும். பெரியவருக்கு 500 மில்லிகிராம் குளிசை இரண்டு, 6 மணித்தியாலத்துக்கு ஒருமுறை, 24 மணித்தியாலத்தில் 8 குளிசைக்கு மேல் கூடாது. மெலிந்தவர்களுக்கும் ஈரல் வருத்தக்காரருக்கும் அதைவிடக் குறைவு. இபுபுரோபென், டைக்குளோபெனாக் போன்ற வலிக் குளிசை எதுவும் வேண்டாம். டெங்குவில் இரத்தப்போக்கைக் கூட்டும், பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். இதயத்துக்காக அஸ்பிரின் எடுப்பவர் என்றால் காய்ச்சல் வந்த முதல் நாளே டொக்டரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், தொடரவும் வேண்டாம்.

குளிசைகள் ஒன்றையொன்று மறிக்கும் இடங்கள்

மாதக் கணக்காக வறட்டு இருமல் என்று பாணி மருந்து போத்தல் போத்தலாகக் குடித்துக்கொண்டிருப்பவர்களிடம் நான் முதலில் கிளினிக் கொப்பியைக் கேட்பேன். அதில் எனலப்ரில் அல்லது அந்த வகைப் பிரஷர்க் குளிசை ஒன்று இருந்தால், இருமல் அதனாலேயே இருக்கலாம். சளி இல்லை, காய்ச்சல் இல்லை, தொண்டையில் ஒரு அரிப்பு, இரவில் கூட. டொக்டர் லோசாட்டன் போன்ற வேறொன்றுக்கு மாற்றினால் சில வாரத்தில் நின்றுவிடும். ஆனால் சளியோடு இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், நிறை குறைதல், இரவு வியர்வை என்றால் காரணம் காச நோயா என்று பார்க்க வேண்டும். அரசாங்க மார்பு நோய்க் கிளினிக்கில் சளிப் பரிசோதனை இலவசம். வெட்கப்பட ஒன்றுமில்லை.

முட்டு வருத்தம் (ஆஸ்துமா) உள்ளவருக்கு அட்டெனோலோல், புரோப்ரனோலோல் வகைப் பிரஷர்க் குளிசைகள் மூச்சுக் குழாயை இறுக்கக்கூடும். பிரஷருக்கு ஒரு டொக்டர், முட்டுக்கு இன்னொரு டொக்டர் என்று போகிறவர்கள் இரண்டு இடத்திலும் எல்லாக் குளிசையையும் காட்டுங்கள். அதற்காக அவற்றைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது, இதயத்துடிப்பு எகிறும். முட்டுக்குக் கொடுக்கும் பிரெட்னிசோலோன் பிரஷரையும் சீனியையும் ஏற்றும். எடுக்கும் நாட்களில் இரண்டையும் கூடுதலாகப் பாருங்கள். சல்பியூட்டமோல் அடித்த பிறகு கை நடுங்குவதும் படபடப்பதும் சாதாரணம். அந்த நேரத்தில் பிரஷர் எடுத்துப் பயப்படாதீர்கள்.

பார்மசியில் "தடிமனுக்கு ஏதும் தாங்கோ" என்று கேட்டு வாங்கும் குளிசைகளில் மூக்கடைப்பைத் திறக்கும் சூடோஎபிட்ரின், பினைல்எப்ரின் இருக்கலாம். இரண்டும் பிரஷரை ஏற்றும். தண்ணீரில் நுரைத்துக் கரையும் குளிசைகளில் உப்புச் சத்து நிறைய. அதிமதுரம் சேர்ந்த கசாயங்களைத் தொடர்ந்து குடித்தாலும் பிரஷர் ஏறும். ஒரு கப் குடிப்பதில் மோசமில்லை, நாளுக்கு நாலு பைக்கட் என்றால்தான். மல்லித் தண்ணியில் எனக்கு எதிர்ப்பு இல்லை. ஆவி பிடிப்பதுதான் எனக்குப் பிடிக்காது. கொதிநீர்ச் சட்டி மடியில் கவிழ்ந்து வெந்தவர்களை வார்டில் பார்த்தவள் நான்.

காய்ச்சலோடு சத்தி, வயிற்றோட்டம், சாப்பாடு இல்லை, தண்ணீர் இல்லை என்று ஆள் வற்றிப்போனால், லோசாட்டன், எனலப்ரில், சலம் போகவைக்கும் ஹைட்ரோகுளோரோதயசைட் போன்றவை சிறுநீரகத்தை நெருக்கும். அந்த இரண்டு மூன்று நாள் அவற்றை நிறுத்தி வைக்கலாமா என்று டொக்டரிடம் கேட்க வேண்டும். பிரஷர் 100க்குக் கீழே நிற்கும்போது "கிளினிக் மருந்தை விடக் கூடாது" என்று பிடிவாதமாகக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். முதலில் டொக்டருக்கு ஒரு போன் எடுத்துவிட்டுக் கொடுங்கள்.

அன்டிபயோட்டிக் பற்றி ஒன்றே ஒன்று: போன முறை மிஞ்சியதைக் கொடுக்காதீர்கள். வைரசால் வந்த தடிமனுக்கு அது வேலை செய்யாது. டொக்டர் எழுதிக் கொடுத்தால் சொன்ன நாள்வரை கொடுங்கள்.

இரவும் பகலும் பார்க்க வேண்டியவை

வீட்டில் வைத்துப் பார்க்கலாம் என்று டொக்டர் சொன்னபிறகு, 6 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை கொப்பியில் ஒரே வரியில் எழுதுங்கள்: நேரம், காய்ச்சல், மூச்சு, ஒக்சிஜன், பிரஷர், நாடி, எவ்வளவு குடித்தார், கடைசியாக எப்போது சலம் போனார். எண்கள் எந்தப் பக்கம் நகர்கின்றன என்பதைத்தான் பார்க்கிறோம். மூச்சு 18, 21, 24 என்று ஏற, பிரஷர் 150, 134, 118 என்று இறங்கினால், தனித்தனியாக எந்த எண்ணும் எல்லை தாண்டாவிட்டாலும் ஆள் மோசமாகிக்கொண்டிருக்கிறார். இரவு 2 மணி எண்ணை விடாதீர்கள். வீட்டில் எல்லோரும் தூங்கும் நேரத்தில்தான் பலர் விழுகிறார்கள்.

தலைமாட்டை இரண்டு மூன்று தலையணையால் உயர்த்துங்கள். யன்னலைத் திறவுங்கள். நுளம்புத்திரி, சாம்பிராணி, ஊதுபத்தி அந்த அறையில் வேண்டாம். நுளம்பு வலை கட்டுங்கள். இதய வருத்தமோ சிறுநீரக வருத்தமோ இல்லாவிட்டால் அடிக்கடி குடிக்கக் கொடுங்கள். அவை இருந்தால் எவ்வளவு என்று டொக்டர் சொல்வார். உப்பு நாளுக்கு 5 கிராமுக்குக் குறைய வேண்டும், அதாவது ஒரு தேக்கரண்டி கூட இல்லை. வாய் கசக்கிறது என்று கஞ்சிக்குக் கருவாடு, ஊறுகாய், மோர் மிளகாய், பப்படம் என்று தொட்டுக்கொள்ளக் கொடுத்தால் அந்த ஒரு கோப்பையிலேயே கணக்கு முடிந்துவிடும். தேசிக்காய் பிழியுங்கள், மிளகு தூவுங்கள், இஞ்சி போடுங்கள். பாணிலும் உப்பு இருக்கிறது, அதை யாரும் எண்ணுவதில்லை.

ஒக்சிஜன் சிலிண்டரோ மெஷினோ வாடகைக்கு எடுத்துத் தாங்களாகக் கொடுக்கிறார்கள். டொக்டர் எவ்வளவு லீற்றர் என்று எழுதிக் கொடுக்காமல் செய்ய வேண்டாம். நுரையீரல் பழுதானவர்களுக்கு அளவுக்கு மேல் ஒக்சிஜன் கொடுத்தால் உடம்பில் கரியமில வாயு சேர்ந்து மயங்கிப் போவார்கள். சாமி விளக்கும் சிகரெட்டும் அந்த அறைக்குள் வரவே கூடாது. ஒக்சிஜனில் நெருப்பு பிடித்தால் அணைக்க நேரம் இராது. மெஷின் வைத்திருப்பவர்கள் கரண்ட் போனால் என்ன செய்வது என்று முன்பே யோசித்து வையுங்கள். 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்த ஊர் இது.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது

1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம், தமிழிலும் பேசலாம். முதலில் இடத்தைச் சொல்லுங்கள்: எந்த லேன், காலி வீதிப் பக்கமா மெரின் டிரைவ் பக்கமா, எத்தனையாம் மாடி, லிஃப்ட் வேலை செய்கிறதா. ஒருவர் லேன் முனையில் போய் நிற்கட்டும். அப்புறம் வயது, என்ன நடக்கிறது, கொப்பியின் கடைசி வரி. எங்கள் பக்கத்துக்குக் கிட்டிய பெரிய அரசாங்க ஆஸ்பத்திரி களுபோவிலையில் இருக்கும் கொழும்பு தெற்குப் போதனா வைத்தியசாலை. மூச்சு முட்டும் ஆளைத் தூக்கி ஓட்டோவில் ஏற்றி, நெரிசலில் மாட்டி, வழியில் ஒன்றும் செய்ய முடியாமல் இருப்பதைவிட, ஒக்சிஜனோடு வரும் வண்டிக்குக் காத்திருப்பது நல்லது.

கொப்பி, கிளினிக் கொப்பி, குளிசைகள் எல்லாம் பெட்டியோடு, கண்ணாடி, பல்செட், காது மெஷின் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள். கண்ணாடியும் காது மெஷினும் இல்லாத கிழவர் வார்டில் இன்னும் கூடத் தடுமாறுவார்.

வார்டில் ஒக்சிஜன், நெஞ்சு எக்ஸ்ரே, இரத்தப் பரிசோதனை, ஊசியில் அன்டிபயோட்டிக் என்று நடக்கும். பிரஷர் விழுந்திருந்தால் நரம்பில் சேலைன் ஏற்றுவார்கள். பிரஷர்க் குளிசைகளை நிறுத்தி வைப்பார்கள். இங்கேதான் உறவுக்காரரிடம் கெஞ்சிக் கேட்க வேண்டியிருக்கிறது: பார்க்க வரும் நேரத்தில் பையிலிருந்து லோசாட்டனை எடுத்து ரகசியமாக அம்மாவின் வாயில் போடாதீர்கள். "இங்க மருந்து குடுக்கேல்ல போல" என்று அன்பில்தான் செய்கிறார்கள். அடுத்த முறை பிரஷர் எடுக்கும்போது 80க்கு விழுந்து, ஏன் என்று தெரியாமல் டொக்டரும் நேர்ஸும் தலையைப் பிடித்துக்கொண்டு நிற்போம். சந்தேகம் இருந்தால் கேளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டோம். கோபித்தாலும் கேளுங்கள்.

துண்டு வெட்டி வீட்டுக்கு விடும்போது டயக்னோசிஸ் கார்டைப் பத்திரமாக வாங்கிக்கொண்டு, நிறுத்திய குளிசைகளில் எது எப்போது மறுபடி தொடங்க வேண்டும் என்று தெளிவாகக் கேட்டு எழுதுங்கள். "பழையபடி எடுங்கோ" என்ற பதிலோடு வர வேண்டாம். ஒவ்வொரு குளிசையாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். வீட்டுக்கு வந்து முதல் வாரம் காலையும் மாலையும் பிரஷர் எடுங்கள். வருத்தத்துக்குப் பிறகு நிறை குறைந்திருந்தால் பழைய அளவுக் குளிசை இப்போது கூடிப்போகலாம். இருமலும் களைப்பும் சில வாரம் இழுக்கும், அது வழமை. காய்ச்சல் திரும்ப வந்தால், சளியில் இரத்தம் கண்டால் உடனே காட்டுங்கள். 50 வயது தாண்டியவர்களும் சிகரெட் பிடிப்பவர்களும் 6 வாரம் கழித்து இன்னொரு எக்ஸ்ரே எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள். நியூமோனியாவுக்குப் பின்னால் வேறு ஏதாவது மறைந்திருக்கிறதா என்று அப்போதுதான் தெரியும். இன்புளுவென்சா ஊசி தனியார் ஆஸ்பத்திரிகளில் காசு கொடுத்துப் போடலாம். வருடத்துக்கு ஒரு தடவை. பிரஷர், சீனி, இதய வருத்தம் உள்ள 65 வயதுக்காரருக்கு அதை நான் தயங்காமல் சொல்வேன்.